டேப்பட் சத்தம் அடங்கினால் மகிழ வேண்டாம்: டீசல் இன்ஜினின் வால்வு இடைவெளியை வீட்டிலேயே சரிபார்க்கும் முறை

டீசல் இன்ஜினில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 16 முதல் 22 மடங்கு வரை நெருக்கும்போது, அந்த நெருக்கத்தினாலேயே காற்று டீசலைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகிறது. காற்றை உள்ளே விடவும் புகையை வெளியேற்றவும் திறந்து மூடும் வால்வு ஒன்று முழுதாக மூடாமல் மயிரிழை அளவு திறந்திருந்தால்கூட அந்தச் சூடு கிடைக்காது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சென்னையில் ஓடும் அதே இன்ஜினுக்கு இங்கே கிடைக்கும் காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. டிசம்பர், ஜனவரி மாதங்களின் காலைக் குளிரும் இதனுடன் சேரும்போது, சமவெளியில் சமாளித்துக்கொண்டிருந்த பழைய வண்டி இங்கே ஸ்டார்ட் ஆகாமல் வெள்ளைப் புகையை மட்டும் கக்கும். உடனே நாம் பேட்டரியை மாற்றுகிறோம், குளிரில் சிலிண்டரைச் சூடாக்கித் தரும் குளோ பிளக்கை மாற்றுகிறோம். அதிகச் செலவில்லாமல் பார்க்கக்கூடிய வால்வு இடைவெளியைக் கடைசியாகத்தான் நினைத்துப்பார்க்கிறோம்.

இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டின் மேடு டேப்பட்டைத் தள்ள, டேப்பட் புஷ் ராடைத் தள்ள, புஷ் ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, ராக்கரின் மறுமுனை வால்வின் தண்டை அழுத்தித் திறக்கிறது. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் ராக்கருக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவே விடப்படும் சிறு வெளியே வால்வு இடைவெளி. இன்ஜின் சூடாகும்போது வால்வின் தண்டு நீளும். அது நீள்வதற்கு இடம் இல்லாவிட்டால் ராக்கர் மீது முட்டிக்கொண்டு வால்வு தன் இருக்கையில் அமர முடியாமல் போகும். பட்டறைகளில் இந்த இடைவெளியைச் சரிசெய்வதை ‘டேப்பட் அட்ஜஸ்ட்’ என்பார்கள். உண்மையில் நாம் கை வைப்பது டேப்பட்டில் அன்று, ராக்கரில் உள்ள திருகில்தான். ஆனாலும் வழக்கில் நிலைத்துவிட்ட பெயரோடு சண்டை போடுவதில் பயனில்லை.

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ‘டக் டக்’ என்ற டேப்பட் சத்தத்துக்கு மிகவும் அஞ்சுகிறார்கள். இடைவெளி கூடினால் சத்தம் வரும், வால்வு சற்றுக் குறைவாகத் திறக்கும், நாளடைவில் நுனிகள் தேயும். அவ்வளவுதான். இடைவெளி குறைந்தாலோ சத்தம் அடங்கும், ஆபத்து தொடங்கும். எரிந்த வாயுவை வெளியேவிட்டு அதன் சூட்டை வாங்கும் எக்ஸாஸ்ட் வால்வு, மூடியிருக்கும் நேரத்தில் இருக்கையோடு ஒட்டி உட்காரும்போதுதான் அந்தச் சூட்டின் பெரும்பகுதியைச் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்கு இறக்கிவைக்கிறது. ஒட்டி உட்காரவில்லை என்றால் அதன் விளிம்பு எரியத் தொடங்கும். பெங்களூரு காக்ஸ் டவுனில் வீட்டு வாசலில் நான் நிறுத்தியிருக்கும் மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்பில் (பியூஜோ வடிவமைப்பிலான 2112 சி.சி. எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜின்) பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த டேப்பட் சத்தம் ஒரு கோடையில் தானாகவே மறைந்தது. இன்ஜின் பழகிவிட்டது என்று மகிழ்ந்தேன். அந்த ஆண்டுக் கடைசியில் ஹெட்டை இறக்கியபோது மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு, எலி கடித்த அப்பளம் போல ஓரத்தில் உதிர்ந்திருந்தது. காது சொல்வதை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அந்த வால்வே காரணம்.

உங்கள் இன்ஜின் எந்த வகை

எல்லா டீசல் இன்ஜினிலும் இந்த வேலையை வீட்டில் செய்ய முடியாது. பழைய ஜீப்புகள், டிராக்டர்கள், சிறிய ஜெனரேட்டர்கள் ஆகியவற்றில் ராக்கரின் நுனியில் திருகும் அதைப் பூட்டும் லாக் நட்டும் இருக்கும். இந்தக் கட்டுரை அவற்றுக்கானது. கேம் ஷாஃப்ட் மேலேயே அமைந்து, கிண்ணம் போன்ற டேப்பட்டின் மேல் சிறு தகடு வைக்கப்பட்டிருக்கும் இன்ஜின்களில் இடைவெளியை அளக்க மட்டும் வீட்டில் முடியும். திருத்துவதற்கு வெவ்வேறு கனமுள்ள தகடுகள் வேண்டும் என்பதால் அதைப் பட்டறைக்கு விட்டுவிடுவது நல்லது. மூன்றாவது வகை, எண்ணெய் அழுத்தத்தால் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் அமைப்பு. மாருதி கார்களில் பரவலாக வந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின் இந்த வகை. அதில் நாம் அளக்கவோ திருகவோ எதுவும் இல்லை.

வாங்க வேண்டியவை

முதலில் வேண்டியது இன்ஜின் கையேட்டில் உள்ள எண்கள்: இன்டேக் (காற்றை உள்ளே விடும் வால்வு), எக்ஸாஸ்ட் இடைவெளிகள் எத்தனை மில்லிமீட்டர் என்பதும், அவை குளிர்ந்த இன்ஜினுக்கா சூடான இன்ஜினுக்கா என்பதும். எக்ஸாஸ்ட் வால்வு கூடுதலாகச் சூடாவதால் பல இன்ஜின்களில் அதற்கு அதிக இடைவெளி கொடுத்திருப்பார்கள். சிலவற்றில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். விளக்குவதற்கு வசதியாக இன்டேக் 0.30 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.35 மி.மீ. என்று இங்கே வைத்துக்கொள்கிறேன். இவற்றை உங்கள் இன்ஜினில் அப்படியே போட்டுவிடாதீர்கள். பழைய மெக்கானிக்குகள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாக வைத்துப் பேசுவார்கள். அவர்கள் சொல்லும் 12 என்பது ஏறத்தாழ 0.30 மி.மீ. ஆகும்.

கருவிகளில் முக்கியமானது ஃபீலர் கேஜ். மெல்லிய எஃகுத் தகடுகளை விசிறி போல அடுக்கிய இந்தக் கருவியை எஸ்.பி. ரோட்டுக் கருவிக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். தகடுகள் அகலம் குறைந்தவையாக இருந்தால் நல்லது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். லாக் நட்டுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், திருகின் பள்ளத்தில் ஆடாமல் உட்காரும் ஸ்க்ரூ டிரைவர், இன்ஜினின் முன்பக்கத்தில் சுழலும் கிராங்க் புல்லியின் நடுவில் உள்ள பெரிய நட்டுக்கான சாக்கெட், அதற்கு நீளமான கைப்பிடி, சாக்பீஸ், நூல் உதிராத துணி ஆகியவையும் வேண்டும். ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடையில் ‘டேப்பட் கவர் பேக்கிங்’ (ராக்கர்களை மூடும் மூடிக்கு அடியில் எண்ணெய் கசியாமல் வைக்கும் பட்டை) என்று இன்ஜின் பெயரைச் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அந்தக் கடைக்காரர்களிடம் தமிழிலேயே பேசலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். மூடியைக் கழற்றிய பிறகு பழைய பேக்கிங் கிழிந்திருப்பதைக் கண்டு திகைத்து நிற்காமல், சனிக்கிழமையே புதியதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியைத் திறக்கும் முன்பு

குளிர்ந்த நிலைக்கான எண் என்றால் வண்டியை முந்தைய இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யாமலேயே வேலையைத் தொடங்க வேண்டும். ‘ஐந்து நிமிடம் நகர்த்தித்தான் நிறுத்தினேன்’ என்பதும் கணக்கில் சேரும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் இன்ஜினாக இருந்தால் இத்துடன் நிம்மதியாக இருக்கலாம். எந்திர முறையில் இயங்கும் எரிபொருள் பம்ப் உள்ள பழைய டீசல் இன்ஜினுக்கோ ஓடுவதற்கு மின்சாரமே தேவையில்லை, சுற்றிவிட்டால் போதும். ஆகவே இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்து, அது திரும்பிப் போகாதபடி கட்டிவையுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இதுதான்.

டேப்பட் கவரைச் சுற்றியுள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முதலில் துடைத்த பிறகே போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், விளிம்பு வளைந்துவிடும். ரப்பர் சுத்தியலால், அது இல்லையென்றால் மரக்கட்டையை வைத்து, பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினால் விட்டுக்கொடுக்கும். திறந்த பிறகு, கை வைக்காத பகுதியைத் துணியால் மூடிவையுங்கள். எங்கள் தெருவில் மார்ச் மாதத்தில் இளஞ்சிவப்புத் தபேபுயா பூக்கள் கொட்டும். ஒருமுறை தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் ராக்கர்களுக்கு நடுவே நான்கு பூக்கள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவற்றை ஒவ்வொன்றாக இதழ் கிழியாமல் எடுக்க அரை மணி நேரம் ஆனது.

எந்த வால்வு இன்டேக், எது எக்ஸாஸ்ட் என்பதை வரிசையை வைத்து ஊகிக்காதீர்கள். ஹெட்டின் பக்கவாட்டில் புகையை வெளியே கொண்டுசெல்லும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் குழாய் எந்த வால்வுக்கு நேராகப் போகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்து, ஒவ்வொரு ராக்கருக்கும் அருகில் சாக்பீஸால் அடையாளம் இடுங்கள்.

சிலிண்டரைக் கண்டுபிடித்தல்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அளக்கப்படும் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் முழுதாக மூடியிருக்க வேண்டும், அதாவது அந்தப் பிஸ்டன் காற்றை நெருக்கி முடித்து உச்சியில் நிற்க வேண்டும். பிஸ்டன் ஒரு சுழற்சியில் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது என்பதுதான் புதியவரை ஏமாற்றும் இடம். ஒருமுறை நெருக்கி முடிக்கும்போது வருகிறது, மறுமுறை புகையைத் தள்ளி முடிக்கும்போது வருகிறது. இரண்டாவது நிலையில் எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்டேக் திறந்துகொண்டும் இருப்பதால் இரண்டு வால்வுகளுமே சிறிதளவு அழுந்தியிருக்கும். கிராங்க் புல்லியில் உள்ள குறி இந்த இரண்டு உச்சிகளிலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்.

நான் முதல்முறை செய்தபோது குறியை மட்டும் நம்பினேன். குறி பொருந்தியது, முதல் சிலிண்டரில் ஃபீலர் கேஜ் நுழையவே இல்லை, ‘எவ்வளவு இறுகிவிட்டது’ என்று வருந்தி இரண்டு திருகுகளையும் 0.30 மி.மீ. வரும்வரை தளர்த்தினேன். உண்மையில் இன்ஜின் தவறான உச்சியில் நின்றது, வால்வுகள் அப்போது சிறிதளவு திறந்த நிலையில் இருந்தன. ஸ்டார்ட் செய்ததும் முதல் சிலிண்டரிலிருந்து பாத்திரக் கடையில் அலமாரி சாய்ந்தது போன்ற சத்தம் வந்தது. கீழ்வீட்டுப் பெரியவர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். உடனே நிறுத்திவிட்டதால் எதுவும் உடையவில்லை.

அதன் பிறகு நான் புல்லிக் குறியைத் துணைக்கு மட்டுமே வைத்துக்கொண்டு, ஜோடி சிலிண்டரைப் பார்க்கும் முறைக்கு மாறிவிட்டேன். வரிசையாக நான்கு சிலிண்டர்கள் உள்ள, 1-3-4-2 என்று எரியும் இன்ஜினில் 1-உம் 4-உம் ஒரு ஜோடி, 2-உம் 3-உம் ஒரு ஜோடி. ஜோடியில் இருவரும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வருவார்கள், ஆனால் ஒருவர் நெருக்கி முடித்திருந்தால் மற்றவர் புகையைத் தள்ளி முடித்திருப்பார். எனவே நான்காம் சிலிண்டரின் ராக்கர்களைப் பார்த்துக்கொண்டே இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். எக்ஸாஸ்ட் ராக்கர் மேலே ஏறிவர, அது முழுதாக நிற்பதற்குள் இன்டேக் ராக்கர் கீழே இறங்கத் தொடங்கும். தராசுத் தட்டுகள் இரண்டும் சமமாக நிற்பது போன்ற அந்தக் கணத்தில் நிறுத்தினால், முதல் சிலிண்டர் அளப்பதற்குத் தயாராக இருக்கிறது. அங்கிருந்து அரைச் சுற்று சுற்றினால் இரண்டாம் சிலிண்டரில் அந்த ஆட்டம் தெரியும், அப்போது மூன்றாம் சிலிண்டரை அளக்க வேண்டும். அடுத்த அரைச் சுற்றில் முதல் சிலிண்டர் ஆடும்போது நான்காம் சிலிண்டரையும், அதற்கடுத்ததில் மூன்றாம் சிலிண்டர் ஆடும்போது இரண்டாம் சிலிண்டரையும் அளக்கலாம். கிராங்க் இரண்டு முழுச் சுற்று சுற்றுவதற்குள் எட்டு வால்வுகளும் முடிந்துவிடும்.

பியூஜோ இன்ஜின்களில் சிலிண்டர்களை ஃப்ளைவீல் (கிராங்கின் பின்முனையில் உள்ள கனமான சக்கரம்) பக்கத்திலிருந்து எண்ணுவார்கள் என்று அறிந்தவர்கள் இந்த இடத்தில் குழம்புவார்கள். குழப்பம் தேவையில்லை. 1-3-4-2 என்ற வரிசையை மறுமுனையிலிருந்து எண்ணினால் 4-2-1-3 ஆகிறது, அதைச் சுழற்றிப் படித்தால் மறுபடியும் அதே 1-3-4-2 தான். எந்த முனையிலிருந்து எண்ணினாலும் வேலை முடியும்வரை அதே முனையிலிருந்து எண்ணினால் போதும்.

டீசல் இன்ஜினைக் கையால் சுற்றுவது எளிதன்று. நெருக்கம் ஏறும்போது கைப்பிடி எதிர்த்துத் தள்ளும், விட்டால் பின்னோக்கி அடிக்கும். ஆகவே மெதுவாக, நின்று நின்று சுற்றினால் உள்ளே அடைபட்ட காற்று பிஸ்டன் வளையங்களின் வழியே கசிந்து வழிவிடும். குளோ பிளக் உள்ள இன்ஜினில் அவற்றைக் கழற்றிவிட்டால் ஒரு கையாலேயே சுற்றலாம், ஆனால் அந்தத் துளைகளில் தூசி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எப்போதும் இன்ஜின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். குறியைத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பாமல் இன்னும் இரண்டு சுற்று சுற்றி வருவது புதியவர்களுக்குப் பாதுகாப்பானது.

அளத்தலும் திருத்தலும்

திருகைத் தொடுவதற்கு முன்பு எட்டு இடைவெளிகளையும் அப்படியே அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். திருத்திய பிறகு பழைய எண் திரும்பக் கிடைக்காது, இன்ஜினின் உடல்நிலையைச் சொல்வதோ அந்தப் பழைய எண்தான்.

தகட்டை லேசாக எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவே வளையாமல் நேராக நுழைக்க வேண்டும். தடித்த அகராதியின் நடுப்பக்கங்களிலிருந்து ரூபாய் நோட்டை உருவும்போது கையில் தெரியும் பிடிப்பு எவ்வளவோ, அவ்வளவு பிடிப்பு தகட்டை இழுக்கும்போது தெரிந்தால் அந்தத் தகட்டின் கனமே இடைவெளி. இந்தக் கைப்பக்குவம் வரும்வரை இரண்டு தகடுகளால் சோதியுங்கள்: 0.30 வேண்டும் என்றால் 0.25 தடையின்றி நுழைய வேண்டும், 0.35 நுழையக் கூடாது.

அகலம் குறைந்த தகடு வேண்டும் என்று சொன்னதன் காரணம் இது. பல ஆண்டுகள் ஓடிய ராக்கரின் நுனியில் வால்வுத் தண்டு அடித்து அடித்துச் சிறு குழி விழுந்திருக்கும். அகலமான தகடு அந்தக் குழியின் இரண்டு கரைகளிலும் பாலம் போலத் தங்கிவிடும், குழியின் ஆழம் அளவில் சேராது. கேஜ் 0.30 என்று காட்டும்போது உண்மையான இடைவெளி 0.40 ஆக இருக்கலாம். எத்தனை முறை திருத்தினாலும் ஒரே வால்வில் சத்தம் நிற்காமல் இருந்தால், விரல் நகத்தால் ராக்கரின் அடிப்பக்கத்தைத் தடவிப்பாருங்கள். நகம் இடறினால் அந்த ராக்கரை மாற்றவோ சாணை பிடிக்கவோ வேண்டும்.

திருத்த வேண்டிய வால்வில் லாக் நட்டை ரிங் ஸ்பேனரால் அரைச் சுற்றுத் தளர்த்தி, தகட்டை இடையில் வைத்துக்கொண்டே திருகைச் சரியான பிடிப்பு வரும்வரை திருப்புங்கள். பிறகு ஸ்க்ரூ டிரைவரால் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது அளவு கட்டாயம் சிறிது மாறும் என்பதால் தகட்டை எடுத்துவிட்டு மீண்டும் நுழைத்துப் பாருங்கள். ஒரு வால்வுக்கு மூன்று நான்கு முறை இப்படிச் செய்ய நேர்ந்தால் சலிப்படையாதீர்கள், எல்லாருக்கும் அப்படித்தான். இரண்டு எண்களுக்கு இடையே ஊசலாடினால், நான் சற்றுத் தளர்வான பக்கத்தையே எடுத்துக்கொள்வேன்.

எழுதிய எண்களைப் படித்தல்

எட்டு வால்வுகளிலும் சிறிதளவு கூடியோ குறைந்தோ இருந்தால் அது இயல்பான தேய்மானம். ஒரே ஒரு வால்வில் இடைவெளி திடீரெனப் பெரிதாகியிருந்தால் லாக் நட் தளர்ந்திருக்கலாம், புஷ் ராடு வளைந்திருக்கலாம், கேம் மேடு தேய்ந்திருக்கலாம். புஷ் ராடை வெளியே எடுத்து கண்ணாடிப் பலகையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். மாறாக, ஒரு எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் சென்ற முறை சரிசெய்த பிறகும் மீண்டும் மீண்டும் இறுகிக்கொண்டே வந்தால், வால்வு தன் இருக்கைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். திருகைத் தளர்த்திக்கொண்டே காலத்தை ஓட்டலாம், ஆனால் ஹெட்டை இறக்கி வால்வையும் இருக்கையையும் பார்க்கும் நாள் நெருங்கிவிட்டது. ஹெட் பேக்கிங் அண்மையில் மாற்றப்பட்டிருந்தால், கையேடு சொல்லும் நிலையில் ஹெட் போல்ட்டுகளை மறுபடியும் இறுக்கிய பிறகே டேப்பட் அளக்க வேண்டும். போல்ட் இறுகினால் இடைவெளியும் மாறும்.

மூடி, ஸ்டார்ட் செய்தல்

மூடுவதற்கு முன்பு இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, எதுவும் முட்டவில்லை என்பதையும் எல்லா லாக் நட்டுகளும் இறுகியிருப்பதையும் பாருங்கள். கொண்டுவந்த ஸ்பேனர்களை எண்ணுங்கள். பேக்கிங் உட்காரும் இரு பரப்புகளையும் உலரத் துடைத்து, போல்ட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள். இவை சிறிய போல்ட்டுகள், பலத்தைக் காட்டினால் மூடி வளைந்து எண்ணெய் கசியும். பேட்டரிக் கம்பியை மாட்டி, ஸ்டாப் கேபிளை அவிழ்த்துவிட்ட பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். கேபிளை மறந்துவிட்டு அரை மணி நேரம் ஸ்டார்ட்டரைத் திட்டியவர்களை நான் அறிவேன், அவர்களில் நானும் ஒருவன்.

இன்ஜின் ஓடும்போது சீரான, மெல்லிய தட்டுச் சத்தம் இருக்கத்தான் வேண்டும். கனமான அடிச்சத்தம் கேட்டால் அது டேப்பட்டாக இல்லாமல், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டராகவும் இருக்கலாம். அதைக் கண்டறிய சிலர் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பார்கள். அங்கிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடிய அழுத்தம் கொண்டது, புதியவர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.

மின்வெட்டுக்காக வீட்டில் வைத்திருக்கும் ஒற்றைச் சிலிண்டர் ஜெனரேட்டரில் ஜோடி சிலிண்டர் இல்லாததால் வேறு வழி வேண்டும். ஃப்ளைவீலைச் சுற்றி இன்டேக் வால்வு திறந்து மூடுவதைக் கண்ட பிறகு வரும் முதல் உச்சிக் குறியில் நிறுத்தினால் போதும். டீகம்ப்ரஷன் நெம்புகோல் உள்ள இன்ஜினில், அளக்கும் நேரத்தில் அது கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது தூக்கியிருந்தால் வால்வைத் திறந்தே பிடித்திருக்கும், நீங்கள் அளப்பது பொய்யான எண்ணாகிவிடும்.

அன்று இரவு வண்டியின் அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவையுங்கள். காலையில் அதில் டேப்பட் கவரின் விளிம்புக்கு நேர் கீழே புதிய எண்ணெய்ப் பொட்டு தெரிந்தால், பேக்கிங் எந்த மூலையில் மடங்கியிருக்கிறது என்று அந்தப் பொட்டே காட்டிவிடும்.